பதிப்பு வரலாறும் செவிவழிப் பாட ஒப்பீடும்

ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்தல் தமிழாராய்ச்சியாளர்க்குப் பழகிய தொழிலாகும். இன்று ஆய்வேடு எழுதுவோர் தம் வரைவின் முன்னை வடிவங்களையும் அவ்வாறே ஒப்பிட வேண்டியவராகின்றனர். கூகுள் டாக்ஸ் போன்ற மென்பொருள்கள் எழுதுந்தோறும் அவ்வடிவங்களைத் தாமாகவே சேமித்து வைக்கின்றன. இதனைப் பதிப்பு வரலாறு என்பர். அச்சேறாத வரைவையும் ‘பதிப்பு’ என்றல் நமக்குச் சிறிது நெருடலே. ஆயினும் அச்சொல் வழங்கிவிட்டது. பார்வையற்ற ஆய்வாளர் திரைவாசிப்பானைக் கொண்டு இவ்வரலாற்றைப் பயன்படுத்துமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் விளக்கப் புகுவது.

கூகுள் டாக்ஸில் கண்ட்ரோல், ஆல்ட், இசட் ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தின் திரைவாசிப்பானுக்குரிய வசதி இயங்கும். கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட், எச் என்பன பதிப்பு வரலாற்றைத் திறக்கும். நாளும் நேரமும் திருத்தினார் பெயரும் பட்டியலாக நிற்கும். இவை சொற்களாதலின் செவிக்கு எளிதில் எட்டும். இடர்ப்பாடு அதன் பின்னரே தோன்றுகின்றது. மாற்றங்களை அம்மென்பொருள் நிறத்தாலும் குறுக்குக்கோட்டாலும் காட்டுகின்றது. நிறத்திற்கு ஒலி இல்லை. எனவே நீக்கிய சொல்லும் சேர்த்த சொல்லும் ஒரே தொடராய்க் கேட்க நேரும். மேற்பார்வையாளர் எதனை மாற்றினார் என்பதைப் பிறர் கண்கொண்டே அறிய வேண்டுமாயின், தம் பெயரால் வெளிவரும் கருத்துக்கு ஓர் ஆய்வாளர் எவ்வாறு பொறுப்பேற்றல் கூடும்?

இதற்கு வழி உண்டு. பழைய வடிவத்தைத் தனிப்படியாக எடுத்து, அதனையும் இன்றைய வடிவத்தையும் வேர்ட் கோப்புகளாக இறக்கிக்கொள்க. மைக்ரோசாஃப்ட் வேர்டின் ரிவியூ பகுதியிலுள்ள கம்பேர் என்னும் வசதி இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடுகள் குறித்த மூன்றாம் ஆவணம் ஒன்றைத் தரும். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான், அவ்வாவணத்தில் சேர்த்தது இது, நீக்கியது இது எனச் சொல்லால் அறிவிக்கும். என்விடிஏ விசையுடன் எஃப்7 அழுத்தின், திருத்தங்களைத் தனிப்பட்டியலாகவும் பெறலாம்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று எஞ்சுகின்றது. ‘முந்நூறு’ என்பதனை ஒருவர் ‘முன்னூறு’ எனத் திருத்தினார் என்க. இரண்டும் செவிக்கு ஏறத்தாழ ஒன்றே. நீக்கியதும் சேர்த்ததும் ஒரே சொல்லாய்க் கேட்கும்போது, கேட்பவர் அதனைப் பொருட்படுத்தாது கடந்துவிடுதல் இயல்பு. அங்ஙனம் கடத்தல் ஆகாது. ஒலி ஒத்துத் திருத்தம் மட்டும் அறிவிக்கப்படும் இடமே எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டிய இடமாம். பிரெயில் காட்சிக்கருவி உடையார்க்கு இவ்விடர் இல்லை. அதில் நகரத்திற்கும் னகரத்திற்கும் வேறுவேறு புள்ளிவடிவம் உண்டு.

தானே சேமிக்கப்படும் வடிவங்கள் நாளும் நேரமுமாக மட்டுமே நிற்றலின், நெடும்பட்டியலைக் கேட்டுத் தேடுதல் சோர்வு தரும். இடையிலுள்ளவை சில ஒன்றாக்கப்படுதலும் உண்டு. ஆகவே ‘மூன்றாம் இயல், மேற்பார்வைக்கு முன்’ என்றாற்போல உரிய நிலைகளுக்குப் பெயரிடுக. பெயரிட்டவற்றை மட்டும் பட்டியலிடச் செய்யவும் இயலும். பழைய வடிவத்தை மீட்டாலும் பின்னையது அழியாது, வரலாற்றில் நிற்கும், அஞ்ச வேண்டா.

பார்வையிடும் உரிமை மட்டும் உடையார்க்கு இவ்வரலாறு திறவாது. கூட்டாகத் திருத்தும் வரைவை அனுப்புவோர், பார்வையற்ற ஆய்வாளர்க்குத் திருத்தும் உரிமையையும் அளித்தே அனுப்புதல் வேண்டும்.