பாழுங்கிணறும் பால்நிலவும்

ஆண்டாப் ஹில் குடியிருப்பின் மொட்டைமாடியில் நின்றால், கிழக்கே உப்பளங்களின் பக்கம் முழுமதி எழக் காணலாம். அத்தனை ஒளி பொருந்திய மதியின் துருவங்களில், கதிரவன் ஒருபோதும் எட்டிப் பாராத பள்ளங்கள் உண்டு. அவ்விருளில் நீர் உறைந்து கிடக்கின்றதா? பிற்காலத்தில் மனிதர் அங்கே தங்க நேர்ந்தால், குடிநீரும் மூச்சுக்காற்றும் இக்கேள்வியைப் பொறுத்தவையே.

ஊரில் பாழுங்கிணற்றில் நீர் உண்டா என அறிய நாம் கல்லைப் போட்டுக் காது கொடுத்தோம் அல்லவா? ரேடார் செய்வதும் ஏறக்குறைய அதுவே. கல்லுக்குப் பதிலாக வானொலி அலையை அனுப்புகிறது. 1946 ஜனவரியில் அமெரிக்கர் சந்திரனை நோக்கி அனுப்பிய அலை இரண்டரை விநாடியில் எதிரொலியாய்த் திரும்பிற்று.

2008 அக்டோபர் 22 அன்று புறப்பட்ட சந்திரயான்-1 கலத்தில் அமெரிக்க ரேடார் ஒன்றும் இருந்தது. கலத்தின் திட்ட இயக்குநர் பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அந்த ரேடார் சுழன்று செல்லும் அலைகளை அனுப்பியது. சமதரையில் ஒருமுறை பட்டுத் தெறிக்கும் அலை, சுழற்சி மாறித் திரும்பும். பனிக்கட்டிக்குள் புகுந்து பலமுறை சிதறிய அலையோ, பெரும்பாலும் சென்ற வாக்கிலேயே சுழன்று வரும்.

சிக்கலும் இங்கேதான். கரடுமுரடான பாறைக் குவியலும் அவ்வாறே விடையளிக்கும்! கிணற்றில் கேட்ட ஒலி நீரா, கல்லா? விஞ்ஞானிகள் ஓர் உபாயம் கண்டனர். அண்மையில் உண்டான பள்ளமெனில், சிதறிய பாறைகள் உள்ளும் புறமும் கிடக்கும். உள்ளே மட்டும் அவ்வெதிரொலி எழுமாயின், பனியென ஐயுறலாம். வடதுருவத்தருகே இத்தகைய பள்ளங்கள் நாற்பதுக்கு மேல் இருப்பதாக 2010-இல் அறிவித்தனர். பனி இரண்டு மீட்டர் கனமேனும் இருந்தால் 60 கோடி டன் என்பது அவர்கள் கணக்கு. அந்த ‘இருந்தால்’ என்னும் சொல்லை நாம் மறத்தலாகாது. ஐயத்தைக் குறைக்கவே, அகமதாபாத்தில் உருவான இரு அலைநீள ரேடார் 2019-இல் சந்திரயான்-2 கலத்தில் சென்றது. அதன் நீண்ட அலை மண்ணுக்குள் இன்னும் ஆழமாய்ப் புகவல்லது.

முதற்கலத்தின் கதை விந்தையானது. 2009 ஆகஸ்டு 29 அன்று தொடர்பு அறுந்தது. ஒன்றரை மீட்டர் அளவே உள்ள அந்தப் பெட்டி எங்கே சுற்றுகிறதென எவரும் அறியவில்லை. 2016 ஜூலையில் கலிபோர்னியாவிலுள்ள எழுபது மீட்டர் அலைவாங்கி, சந்திரனின் வடதுருவத்துக்கு மேலே ரேடார் அலையைப் பாய்ச்சிக் காத்திருந்தது. நான்கு மணி நேரத்தில் இருமுறை எதிரொலி வந்தது. சந்திரயான் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது.