ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடும் ஆயிரம் ரூபாய்

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. மிஷனரிகள் தொடங்கி, இன்று அரசு உதவியோடு நடக்கும் பள்ளிகள் தெருவுக்குத் தெரு உண்டு. ‘தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு’ என்ற பட்டம் ஊருக்கு வந்ததே அவற்றால்தான். அந்தப் பெருமைதான் 2022-ல் பல பெற்றோருக்குத் தலைவலியாகிப் போனது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், கல்லூரியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஆனால் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று விதி. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாயின் மகளாக இருந்தாலும், உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தால் இடமில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கதவு திறந்தது. 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் திட்டம் விரிவாக்கப்பட்டது. ‘தமிழ் வழி’ என்பதைக் கவனிக்க வேண்டும். உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் தமிழ் வழிப் பிரிவுக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. அதே வளாகத்தில் ஆங்கில வழிப் பிரிவு பெற்றோர் கட்டும் பணத்தில் ஓடுகிறது. ஒரே மணிக்கு ஒரே வாசல் வழியாக வீட்டுக்குப் போகும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்குப் பணம் உண்டு, மற்றவளுக்குக் கிடையாது. அரசுப் பள்ளிகளுக்கு இந்த மொழி நிபந்தனை வைக்கப்படவில்லை.

பணம் கட்டிப் படித்தவர்களை விட்டு, இல்லாதவர்களுக்குக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்று அரசுத் தரப்பில் வாதிடலாம். கடன் வாங்கி ஆங்கில வழியில் சேர்த்த குடும்பங்களை இந்தப் பகுதியில் பார்க்கிறவர்களுக்கு அந்த வாதம் அரைகுறையாகத்தான் படும். பதினோரு வயதுப் பிள்ளையை எந்தப் பிரிவில் உட்கார வைப்பது என்று முடிவெடுக்கும்போது, ஏழு ஆண்டுகள் கழித்து வரும் உதவித்தொகையை யார் கணக்குப் போடுகிறார்கள்? இனியாவது போட வேண்டும்.

திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடிய அம்மையாரின் பெயரில் 1989-ல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். பின்னால் அதோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைக் கல்லூரிக்குக் கொடுப்பது என்று 2022 பட்ஜெட்டில் திருப்பிவிட்டார்கள். அம்மையார் இருந்திருந்தால் இரண்டில் எதைக் கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தகுதியைப் பொறுத்தவரை, மற்ற உதவித்தொகைகளில் இருக்கும் வழக்கமான முட்டுக்கட்டைகள் இதில் குறைவு. வருமான வரம்பு இல்லை, சாதி பார்ப்பதில்லை, வீட்டில் மூன்று பெண்கள் படித்தால் மூவருக்கும் உண்டு. பேட்டை ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் சரி, பாலிடெக்னிக் டிப்ளமோ என்றாலும் சரி, ராணி அண்ணா கல்லூரியில் பி.ஏ. என்றாலும் சரி, பொருந்தும். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் வழி உண்டு. தபால் வழிப் படிப்புக்கும் முதுகலைக்கும் கிடையாது. பையன்களுக்கு இதே தொகையைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியது.

இந்த ஆயிரம் வேறு உதவித்தொகை வாங்குவதைத் தடுக்காது. அரசுக் கலைக் கல்லூரிகளில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் பல ஆண்டுகளாகவே இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் கவுன்சலிங் வழியே சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு. ஆனால் அது குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்காள் அதை வாங்கிப் பட்டதாரி ஆகிவிட்டால், தம்பி கேட்க முடியாது.

தகுதி இருந்தும் பணம் கைக்கு வராமல் நிற்பது பெரும்பாலும் வங்கியில்தான்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று அம்மாவின் கையெழுத்தோடு ஒரு கணக்கு தொடங்கியிருப்பார்கள். பதினெட்டு முடிந்ததும் அந்த மைனர் கணக்கை மாணவியின் சொந்தக் கையெழுத்துக்கு மாற்றி, கே.ஒய்.சி. மறுபடி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கணக்கு முடங்கும். இன்னொன்று: அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அங்கே போய் விழும். ஊரில் முகாம் போட்டபோது போஸ்ட்மேன் கைரேகை வாங்கித் தபால் வங்கிக் கணக்கு தொடங்கிக் கொடுத்திருப்பார். பெண்ணுக்கு அது மறந்தே போயிருக்கும். பழைய பாஸ்புக்கை மாதா மாதம் பதிந்து பார்த்துவிட்டு, “பணம் நின்னுபோச்சும்மா” என்று கல்லூரி அலுவலகத்தில் நிற்பாள். பணம் தபால் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆதார் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ பார்த்தால் எந்த வங்கி என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சான்றுக்குச் சான்று பெயர் பொருந்தாத விவகாரம் நெல்லைக்கே உரியது. வீட்டுக்கு ஒரு இசக்கியம்மாள் இருக்கிற சீமை இது. ஆங்கிலத்தில் எழுதும்போது பள்ளிச் சான்றிதழில் ‘E’ எழுத்தில் தொடங்குவாள், ஆதாரில் ‘I’ எழுத்தில் தொடங்குவாள். நடுவில் ‘K’ ஒன்றா இரண்டா என்பது எழுதிய குமாஸ்தாவின் மனநிலையைப் பொறுத்தது. பேச்சியம்மாளுக்கும் முப்பிடாதிக்கும் இதே பாடு. இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். கல்லூரியில் சேர்வதற்கு முன்பே மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகிறது. பள்ளியில் தந்த எமிஸ் எண்ணை வைத்து, எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்று சரிபார்க்கிறார்கள். கல்லூரிப் பதிவு யூமிஸ் தளத்தில் ஏறுகிறது. முதல் செமஸ்டரில் படிப்பு பிடிக்காமல் வேறு கல்லூரிக்கு மாறும் பெண்கள், பழைய கல்லூரிப் பதிவில் தங்கள் பெயர் எடுக்கப்பட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் டி.சி.யோடு வெளியே வர வேண்டும். படிப்பை நிறுத்தினால் பணமும் நிற்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை வீடுகளில் நனைந்துபோன காகிதங்களை நினைத்தால், மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கரிலும் ஏற்றிவைக்கத் தோன்றும்.

ஆண்டுக்கு 12,000, மூன்றாண்டுப் படிப்புக்கு 36,000. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், பாபநாசத்திலிருந்து ஜங்ஷன் வரும் மப்சல் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். விடுதி மெஸ் பாக்கிக்கும் இதில்தான் கை வைக்க வேண்டும். இரண்டு மாதம் வராமல் போனால் முதலில் கல்லூரி நோடல் ஆபீசர், அடுத்து வங்கி. அங்கும் பதில் இல்லையென்றால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். திட்டம் சமூக நலத் துறையின் கீழ் வருவதால் மனுவை அந்தத் துறைக்கு எழுதி, எமிஸ் எண், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் மூன்றின் நகலையும் பின் அடித்துக் கொடுத்தால் அலைச்சல் குறையும்.