கை கண்ட கருவிகள் – 9
ஒரு மோப்பும் 300 அடி நூலும்

சென்ற வாரம், கை நனையாத மோப்பைச் செய்த ஜாய் மங்கானோவின் இளமைக் காலம். விலங்கு மருத்துவமனையில் வேலை பார்த்த பதின்வயதில், இருட்டிலும் வண்டிக்காரர் கண்ணில் படும்படி நாய்களுக்கு ஒளிரும் கழுத்துப்பட்டையை யோசித்தார். பதிவு செய்யவில்லை. மறு வருடமே வேறொரு நிறுவனம் அதேபோன்ற பட்டையைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இந்த வாரம் காப்புரிமை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு நூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1990. விவாகரத்தாகி, மூன்று பிள்ளைகளோடு நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார் ஜாய். அந்தக் காலத்து மோப்பைக் குனிந்து கையால் பிழிய வேண்டும். அழுக்குத் தண்ணீர் விரலிடுக்கெல்லாம் ஏறும். அவர் செய்த மோப்பில் கம்பைப் பிடித்துத் திருகினால் போதும், தலை தானே முறுக்கிப் பிழிந்துகொள்ளும். கை நனையாது. தலையைக் கழற்றித் துவைக்கும் இயந்திரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தலைதான் என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்துவைத்திருக்கிறது. வழக்கமான மோப்பில் துண்டு துண்டாக வெட்டிய நூல்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஜாயின் மோப்பிலோ 300 அடி நீளமுள்ள ஒரே பருத்தி நூல், வளையம் வளையமாகச் சுற்றி வைத்தது. 300 அடி! நம் ரப்பர் தோட்டத்துக் கணக்கில் சொல்கிறேன். 20 அடிக்கு ஒரு பால்மரம் நட்ட நிரையில், முதல் மரத்தில் நூலைக் கட்டி இழுத்துக்கொண்டே நடந்தால் பதினாறாவது மரத்தில்தான் போய் முடியும். அவ்வளவு நீளமும் ஒரு கம்பின் நுனியில் அடங்கியிருக்கிறது. நூல் பிரிவது வெட்டிய முனையில்தான். முனையே வெளியில் இல்லாத வளையம் எங்கிருந்து பிரியும்? நூல் கூடக் கூட அது குடிக்கும் தண்ணீரும் கூடும். தினமும் தரை துடைத்து, பிரிந்த நூலை மூலைமுடுக்கில் பொறுக்கியெடுத்தவருக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றும்.

டேவிட் ஓ. ரஸ்ஸல் இயக்கிய ‘ஜாய்’ திரைப்படம் 2015 டிசம்பரில் வந்தது. ஜாயாக நடித்த ஜெனிபர் லாரன்சுக்குக் கோல்டன் குளோப் விருதும் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தன. தந்தையாக ராபர்ட் டி நீரோ. படத்தில் கற்பனை கணிசமாகக் கலந்திருக்கிறது. ஆனாலும் ஒரு காட்சி மனத்தில் நிற்கிறது. உடைந்த வைன் கிளாசைத் துடைத்த மோப்பை ஜாய் பிழிகிறார். கண்ணாடிச் சில்லு உள்ளங்கையைக் கிழிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மகளின் வண்ணக் குச்சியை எடுத்துப் புது மோப்பை வரையத் தொடங்குகிறார்.

அடுத்து நடந்தது கற்பனை இல்லை. சொந்தச் சேமிப்போடு குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் திரட்டிய பணத்தைப் போட்டு முதலில் 100 மோப்புகள் செய்தார். 1992இல் கியூ.வி.சி. என்ற தொலைக்காட்சி விற்பனை நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்த விற்பனையாளர்கள் காட்டியபோது சரக்கு சரியாகப் போகவில்லை. நானே வந்து காட்டுகிறேன் என்று ஜாய் நின்றார். திரையில் தோன்றினார், துடைத்தார், பிழிந்தார். அரை மணி நேரத்துக்குள் 18,000 மோப்புகள் விற்றன. மோப் அதேதான். காட்டிய கை மட்டுமே வேறு.

இதைப் படித்ததும் நம் மலேசியத் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கம் பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டி, நிரைக்குள் நுழைந்த நம் அம்மாக்களை மழைக்காலத்தில் கொசு மொய்த்துக்கொள்ளும். பால் டின்னில் ஓட்டை போட்டு, உள்ளே கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைத்து, இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். இரண்டு கையும் கத்திக்கும் மங்குக்கும் மிச்சம். நெருப்பு துணியில் படாது, புகை கூடவே வரும். பிழிந்தாலும் கை நனையாத மோப்புக்கு இது எந்த விதத்தில் குறைவு?

ரப்பர் வரலாற்றில் ஹென்றி ரிட்லியின் பெயர் இல்லாத நூல் கிடையாது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்றவர். பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே வெட்டை மறுபடி மறுபடி திறந்தால் மரம் சாகாமல் பால் தரும் என்று காட்டினார். தோட்டக்காரர்களின் சட்டைப்பையில் ரப்பர் விதையைத் திணிப்பாராம். பைத்தியக்கார ரிட்லி என்றே அழைத்தார்கள். அவருக்குரிய பெருமையில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த மெல்லிய சீவலை விடியுமுன்னே தொடங்கி நூற்றுக்கணக்கான மரங்களில் பிசகாமல் எடுத்த பெண்களின் பெயரை எந்த நூலில் தேடுவது? டின்னில் முதல் ஓட்டை போட்டவர் யார்? கிராணியின் பேரேட்டில் அவர் ஒரு செக்ரோல் எண்ணாகத்தான் இருந்திருப்பார்.

இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்துப் பிள்ளைகள் சிரம்பானிலும் நீலாயிலும் தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். பலகாரம், தையல், பூமாலை என்று வீட்டிலேயே தொழில் செய்யும் பெண்கள் நம்மில் ஏராளம். 2024இல் அமானா இக்தியார் மலேசியா இந்தியப் பெண்களுக்கென்றே 5 கோடி ரிங்கிட்டில் ‘பெண்’ என்ற கடனுதவித் திட்டத்தைத் தொடங்கியது. முதலுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. முறுக்குப் பிழியவும் மாலை கட்டவும் கைக்குத் தோதாக நீங்களே மாற்றி வைத்திருக்கும் கருவி ஒன்று இருந்தால், அதுவும் தொழில்தான். அதைச் செய்தவர்தான் அதைக் காட்டவும் வேண்டும். ஜாயின் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுவே.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1983இல் வந்தது. சின்னச் சின்னக் கருவிகளைப் பதிவு செய்யவும் அதில் தனி வழி உண்டு. அதை அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் எனக்கொரு உதவி செய்யுங்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ அத்தையோ தோட்டத்தில் தன் கையால் செய்துகொண்ட கருவி ஏதாவது இருந்தால் அதைப் பற்றி எழுதி அனுப்புங்கள். அவருடைய முழுப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுத மறக்காதீர்கள்.