குரலஞ்சலுக்கு ஒரு மாற்றாள்

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் பாகூர் வட்டாரம் இருளில் ஆழ்ந்தது. அத்தகைய வேளையில், அலுவலகத் தொலைபேசியில் ஒருவர் பதிந்து வைத்த குரல் என்னாகும்?

அதற்காகவே இரண்டு கணினிகள் வைப்பர். முதற்கணினி சில நொடிகளுக்கொருமுறை, "இருக்கிறேன்" என்று குறிப்பனுப்பும். அது தொடர்ந்து வராவிடில், இரண்டாவது பொறுப்பேற்று அழைப்புகளை வாங்கிக்கொள்ளும். நான் விடுப்பெடுத்த நாளில் துணைத் தலைமையாசிரியர் பள்ளியை நடத்தியதும் இம்முறையே.

ஆனால் பதிவுகள் உடனுக்குடன் படியெடுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் புதியவர் கையில் வெற்றுப் பதிவேடே இருக்கும். இடைக்கம்பி மட்டும் அறுந்தால் இரண்டுமே தலைமை கொண்டாடும். அதைத் தீர்க்க மூன்றாவது சாட்சி தேவை. ஒன்று வில்லியனூரில் இருந்தால், மற்றொன்று அதே புயல் எட்டாத ஊரில் இருத்தல் நலம்.

ஒத்திகை பாராத மாற்று, ஆபத்தில் உதவாது.