தொட்டில் மீது குற்றச்சாட்டு

தோழர்களே! மாளிகையிலே பிள்ளை பிறந்தால் குலவிளக்கு. குடிசையிலே பிறந்தால் நாட்டுக்குப் பாரம்! இந்த நீதியை எழுதி வைத்தவர் யார்? இங்கிலாந்தின் ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள், புரியும்.

1780-ல் ரிச்சர்டு பிரைஸ் என்ற பாதிரியார், இங்கிலாந்தில் மக்கள் தொகை குறைந்து வருகிறது என்று எழுதினார். நம்பினர் பலர். உண்மையோ நேர் எதிர்! 1801-ல் முதன்முதலாகத் தலை எண்ணிப் பார்த்தபோது, இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 89 லட்சம் பேர். 1851-ல் அது ஏறக்குறைய இரு மடங்கு!

வறுமைக்குக் காரணம் சமுதாய அமைப்பு என்றார் காட்வின், 1793-ல். இல்லை, உணவை மிஞ்சிப் பெருகும் மக்களே காரணம் என்றார் மால்தஸ், 1798-ல். ஏழைக்கு உதவி அளிப்பதால்தான் அவன் துணிந்து மணம் புரிகிறான், பிள்ளைகள் பெருகுகின்றன என்றும் குற்றம் சாட்டினார்.

கணக்குப் பார்ப்போமா? ஏழையர் சட்டம் வந்தது 1601-ல். அந்தச் சட்டம் இருக்கும்போதே, 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மக்கள் தொகை வளரவில்லை. குறைந்த கூலிக்கு மேல் படி தரும் ஏற்பாடு பரவியது 1795-க்குப் பின்னர். வளர்ச்சியோ அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. பிள்ளை பிறந்த பிறகா தாய் பிறப்பாள்?

404 ஊர்களின் மாதாகோயில் பதிவேடுகளை ஆராய்ந்து, ரிக்லி, ஸ்கோஃபீல்டு என்ற இருவர் 1981-ல் நூல் வெளியிட்டனர். சாவு குறைந்ததைவிட, முன்னதாக மணம் புரிந்ததே பெருங்காரணம் என்றனர். மணவயதின் வலிமையை மால்தசும் அறிந்திருந்தார், மறுக்கவில்லை. ஆனால் கூலி ஏறியதைத் தொடர்ந்தே மணங்கள் பெருகின என்பது அவ்விருவர் முடிவு. தூண்டியது தர்மக்காசு அல்ல தோழர்களே, உழைப்பின் ஊதியம்!

ஆராய்ச்சி வருமுன்பே தண்டனை வந்துவிட்டது. 1834-ல் புதுச் சட்டம். உதவி கேட்டவனுக்கு ஏழை விடுதி. உள்ளே கணவன் ஒரு கூடத்தில், மனைவி ஒரு கூடத்தில், குழந்தை வேறிடத்தில்!

நமக்கென்ன என்று இருக்க முடியுமா? 1805 முதல், இந்தியாவை ஆளவந்த கம்பெனி அதிகாரிகளுக்குப் பாடம் சொன்னவர் இதே மால்தஸ். அக்கல்லூரியில் பின்னாளில் பயின்ற ரிச்சர்டு டெம்பிள், 1877 பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் மண் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசுமே போதும் என்றார்!

ஆகவே, உங்கள் தொட்டிலைக் காட்டி எவரேனும் குற்றம் சாட்டினால், ஆண்டு என்ன, கூலி என்ன என்று கேளுங்கள். விடை சொல்லட்டும், பிறகு தீர்ப்பு எழுதட்டும்!