மலைத் தீயையும் மழை மேகத்தையும் காணும் செயற்கைக் கோள்கள்

எம்.கே.பி. நகர் என்று சுருக்கமாக வழங்கும் மகாகவி பாரதி நகரிலும், வியாசர்பாடியிலும், திருவொற்றியூரிலும் வசிக்கும் நமது அங்கத்தினர்களுக்கு ராக்கெட் புறப்படும் காட்சி புதிதல்ல. ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரியை அடுத்து இருக்கிறது. வானம் தெளிந்திருக்கும் நாளில் மொட்டை மாடியில் ஏறி நின்றால், தீப்பிழம்பு ஒன்று புகையை இழுத்துக்கொண்டு மேலே செல்வதைக் காணலாம். 2024 பிப்ரவரி 17 மாலையில் அவ்விதம் புறப்பட்ட ராக்கெட் ஒன்று, இன்சாட்-3டிஎஸ் என்னும் 2,274 கிலோ எடையுள்ள செயற்கைக் கோளைச் சுமந்து சென்றது. அது தொலைக்காட்சிக்காகவோ தொலைபேசிக்காகவோ அனுப்பப்பட்டதன்று. வானிலையைக் கவனிப்பதே அதன் முதன்மையான தொழில். அதனோடு காட்டுத் தீயையும் அது கவனிக்கிறது.

நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் வேளையில் ஒரு மழை பெய்தால் அன்றைய உழைப்பு வீணாகிறது. இரவோடு இரவாக வெள்ளம் ஏறினால் தறிக்குழி நிரம்பி, பாவும் ஊடையும் சேர்ந்து கெடுகின்றன. அறுவடை செய்த நெல் களத்தில் கிடக்கும்போது வரும் மழையைப் பற்றி விவசாயிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் பயிர் செய்பவருக்கோ கோடையில் தீ ஒரு கவலை. தீ அணைந்த பின், எரிந்த சரிவிலிருந்து முதல் மழை அடித்து வரும் மண் மற்றொரு கவலை. வேர்ப்பிடிப்பை இழந்த மண் ஓடையில் இறங்கி, கீழேயுள்ள ஏரியில் வண்டலாய்ப் படிகிறது. ஆகவே இந்த விஷயம் நம் தொழிலை நேராகவே தொடுகிறது.

வானிலைக்கென்று வெற்றிகரமாக இயங்கிய முதல் செயற்கைக் கோள் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1. அது வேலை செய்தது 78 நாட்களே. ஆனால் கடலின் நடுவே சுழலும் புயலை மேலிருந்து படம் பிடிக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது. அதற்கு முன்பு நடுக்கடலில் இருக்கும் புயலைப் பற்றி அவ்வழியே செல்லும் கப்பல் தகவல் சொன்னால்தான் கரையிலுள்ளோருக்குத் தெரியும். கப்பல் இல்லாத இடத்தில் புயல் இருந்தால் அதை அறிவார் யாருமில்லை. நம் நாட்டுக்கு இந்த வசதியை நிலையாக அளித்தது 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி. பின்னர் 2002இல் கல்பனா-1, 2013இல் இன்சாட்-3டி, 2016இல் இன்சாட்-3டிஆர் என்று வரிசையாக வந்தன.

இந்த இன்சாட் வகைக் கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி தன்னைத்தானே சுற்றும் வேகத்திலேயே இவையும் சுற்றுவதால், நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்பது போல் இருக்கின்றன. அரை மணிக்கு ஒரு முறை இந்தியாவையும் சுற்றியுள்ள கடல்களையும் படம் எடுத்து அனுப்புகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களிலும் எடுப்பதால் இரவும் இவற்றுக்குப் பகல்தான். உயர்ந்த மேகத்தின் உச்சி மிகக் குளிர்ந்திருக்கும். தாழ்ந்த மேகம் அவ்வளவு குளிராது. வெப்பக் கதிர்ப் படத்தில் மிகக் குளிர்ந்து காணும் மேகக் கூட்டமே பெரும்பாலும் இடியும் பெருமழையும் தரக்கூடியது. இதைக் கொண்டுதான் வானிலை அறிஞர்கள் மேகத்தின் வலிமையை மதிப்பிடுகிறார்கள்.

தீயைக் காண்பதற்கும் அடிப்படை இந்த வெப்பக் கதிர்களே. கொல்லன் உலையில் இரும்பு காயக் காய அதன் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வெப்ப நிலைக்கும் ஒரு வகைக் கதிர் மேலோங்கி நிற்கும். சாதாரணத் தரையின் சூட்டுக்கு நீண்ட அலைக் கதிர்கள். எரியும் புல்லுக்கும் மரத்துக்கும் அதைவிடக் குறுகிய, ஏறக்குறைய 4 மைக்ரான் அளவுள்ள அலைகள். செயற்கைக் கோள் ஒரே இடத்தை இரு வகைக் கதிர்களிலும் பார்க்கிறது. குறுகிய அலையில் மட்டும் ஓரிடம் பளிச்சென்று தெரிந்தால் அங்கே தீ என்று கணக்கிடுகிறது. படத்தின் ஒரு புள்ளிக்குள் சிறு பகுதி மட்டும் எரிந்தாலும் அந்தப் புள்ளி முழுவதும் ஒளி கூடித் தோன்றும் என்பது இதில் ஒரு நன்மை.

ஆயினும் 36,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதில் ஒரு குறை உண்டு. இன்சாட் கோளின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 4 கிலோமீட்டர் நீள அகலம். சிறு தீ அதில் மறைந்துவிடும். ஆகவே துருவங்களின் மேலாகத் தாழ்வாகச் சுற்றும் வேறு கோள்களின் உதவியும் தேவைப்படுகிறது. 1999இல் ஏவப்பட்ட டெர்ரா, 2002இல் ஏவப்பட்ட அக்வா ஆகியவற்றிலிருந்த மோடிஸ் கருவி 1 கிலோமீட்டர் நுட்பத்தில் தீயைக் கண்டது. 2011இல் ஏவப்பட்ட சுவோமி கோளிலுள்ள விர்ஸ் கருவி 375 மீட்டர் நுட்பத்தில் காணும். ஆனால் இவை ஓரிடத்தின் மேல் நாளுக்குச் சில முறையே கடந்து செல்லும். ஒன்று அடிக்கடி பார்க்கிறது, நுட்பமாகப் பார்ப்பதில்லை. மற்றொன்று நுட்பமாகப் பார்க்கிறது, அடிக்கடி வருவதில்லை. இரண்டையும் இணைத்துப் படிப்பதே இன்றைய முறை.

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இவ்விதத் தீத் தகவல்களை மாநில வன இலாகாக்களுக்கு அனுப்பி வருகிறது. முன்பு மாவட்ட அளவில் போன தகவல், இப்போது வனக் காவலர் ஒருவரின் பொறுப்பிலுள்ள சிறு பகுதி வரை குறித்துக் கைத்தொலைபேசிக்கே செல்கிறது. பதிவு செய்துகொண்டால் பொதுமக்களும் இதைப் பெறலாம். தீ பிடித்த பின் சொல்வதோடு நில்லாமல், மழையின்மை, வெப்பம், காட்டின் வகை ஆகியவற்றைக் கொண்டு எங்கே தீ பிடிக்கக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரிக்கும் முறையும் ஏற்பட்டிருக்கிறது. வானிலைக் கணிப்பும் தீக் காவலும் கை கோத்துக்கொள்வது இங்கேதான். 2019 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காடு எரிந்தபோது, எரிந்த நிலம் பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல் என்பது செயற்கைக் கோள் படங்களைக் கொண்டே அளக்கப்பட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு குரங்கணியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தேனி மாவட்டத்தில் போடிக்கு மேலே உள்ள அந்த மலையில், 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, மலையேறிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் தீயில் அகப்பட்டார்கள். சென்னையிலிருந்து சென்றவர்களும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து சென்றவர்களும் அதில் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். கோடையின் தொடக்கத்தில் உலர்ந்து நின்ற உயரப் புல்லும், சரிவில் வீசிய காற்றும் சேர்ந்தால் தீ மேட்டை நோக்கி மிக வேகமாக ஓடும். சுவாலை சாய்ந்து மேலேயுள்ள புல்லை முன்னதாகவே சூடாக்கி விடுவதால், ஓடும் மனிதன் தீயோடு போட்டியிட்டு மேட்டில் ஏறித் தப்புவது அரிது.

அத்தகைய சரிவில் நிற்பவனுக்குச் செயற்கைக் கோள் நேரடியாக ஒன்றும் செய்ய முடியாது. அது கடந்து போகும் நேரத்துக்கும் அடுத்து வரும் நேரத்துக்கும் இடையே தீ ஒரு மலையைத் தாண்டிவிடும். மேகமோ அடர்ந்த புகையோ மறைத்தால் அதற்குக் கண் தெரியாது. தகவல் டேராடூனிலிருந்து புறப்பட்டாலும், மலை வழிகளில் பல இடங்களில் கைத்தொலைபேசிக்கு அலை கிடைப்பதில்லை. தீயின் அபாயம் மிகுந்த நாளில் மலைவழியை அடைப்பதும், தீத்தடுப்புக் கோடுகளைக் கோடைக்கு முன்பே வெட்டி வைப்பதும், காடோரத்து விவசாயி தன் வரப்பில் சருகைக் கொளுத்தாமல் இருப்பதும் மனிதர் செய்ய வேண்டிய வேலைகள். பிப்ரவரி முதல் மே வரை மலையோரச் சங்கங்களின் அங்கத்தினர் இதை மறக்கலாகாது.

நம் வடசென்னையில் மலையும் இல்லை, காடும் இல்லை. ஆனால் தீ இருக்கிறது! மணலி ஆலைகளின் உயர்ந்த குழாய்களில் எரியும் சுவாலையும், எண்ணூர்ப் பக்கத்து அனல் நிலையங்களின் வெப்பமும் செயற்கைக் கோளுக்குக் காட்டுத் தீ போலவே தோன்றக்கூடும். நாள்தோறும் ஒரே இடத்தில் தெரியும் வெப்பத்தைத் தனியே குறித்து, அதைத் தீக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். எதிர்ப்புறமாக, நம் அண்டையிலுள்ள கொடுங்கையூர்க் குப்பைமேடு கோடையில் பற்றினால், உள்ளே கனன்று வெளியே புகை மட்டும் விடும் அந்த வகைத் தீ மேலிருந்து பார்க்கும் கருவிக்கு எளிதில் புலப்படுவதில்லை. அதை முதலில் அறிவது எம்.கே.பி. நகர்வாசிகளின் மூக்குத்தான்.

தீயைவிட நமக்குப் பெரிய கவலை தண்ணீர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டி மெள்ள நகர்ந்தது. அது கரை கடந்தது டிசம்பர் 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் 3, 4 தேதிகளில் நம் நகரின் பல பகுதிகளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவி மீனவரின் பிழைப்பைக் கெடுத்தது. புயல் இருக்கும் இடத்தை இன்சாட் படங்களும், சென்னைத் துறைமுகக் கட்டிடத்தின் மேலுள்ள ராடாரும் காட்டிக்கொண்டேதான் இருந்தன. எந்தத் தெருவில் எத்தனை அடி நீர் நிற்கும் என்பதை மட்டும் மேகப் படம் சொல்லாது. அது வாய்க்காலும் வடிகாலும் சம்பந்தப்பட்ட விஷயம்.

1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலடிப்பேட்டை இன்றும் திருவொற்றியூரில் இருக்கிறது. அக்காலத்து நெசவாளர் கடற்காற்றின் ஈரத்தை உடம்பால் உணர்ந்து பாவு விரிக்கும் நாளை முடிவு செய்திருப்பார்கள். பிற்காலத்தில் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் எண்ணைக் கேட்டறிவது வழக்கமாயிற்று. இன்று இந்திய வானிலைத் துறையின் வலைத்தளத்தில் செயற்கைக் கோள் படத்தையே யாரும் பார்க்கலாம். ஆனால் எல்லா அங்கத்தினரிடமும் அதற்குரிய தொலைபேசி இல்லை. வயது முதிர்ந்தோர் பலருக்கு அதைத் திறந்து பார்க்கவும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு கரும்பலகை வைத்து, ஐப்பசி முதல் மார்கழி வரை காலையிலும் மாலையிலும் எச்சரிக்கையை எழுதிவிடுவது நலம். எழுத்தர் ஒருவரின் பத்து நிமிட வேலை அது. நூல் மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க ஓர் இரவு அவகாசம் கிடைத்தால், சங்கத்துக்கு மிச்சமாகும் தொகை சிறிதாயிராது.

பலகையில் எழுதுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் எடுத்த நேரம் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அது கிரீன்விச் நேரமாக இருந்தால் ஐந்தரை மணியைக் கூட்டி நம் நேரத்தை எழுத வேண்டும். இல்லாவிடில் காலையில் எடுத்த படத்தை நள்ளிரவில் எடுத்ததென்று நினைத்துவிட நேரும்.