பிளாட்பாரத்தில் டென்னிஸ்! மணப்பாட்டுக் காற்றுக்கு ஒத்துவருமா?

(நமது நிருபர்)

மணப்பாடு,-

பிளாட்பாரத்தில் டென்னிஸ் ஆடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

ரெயில் வந்து நிற்கும் பிளாட்பாரம் இல்லை. இதற்கென்றே தனியாகக் கட்டிய மேடை. மேடையைச் சுற்றி நாலு பக்கமும் கோழிக்கூண்டு மாதிரி கம்பி வலை. உள்ளே நாலு பேர். கையிலே ஓட்டை போட்ட கட்டை மட்டை. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ஆடுகிறவர்களுக்கு வியர்வை கொட்டுகிறது!

அமெரிக்காவில் பிறந்த இந்த ஆட்டத்துக்குப் பெயரே "பிளாட்பாரம் டென்னிஸ்"தான்.

"அண்ணாச்சி, அமெரிக்காக்காரன் ஆட்டத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள்.

சம்பந்தம் இருக்கிறது. பழைய டென்னிஸ் கிளப்புகளில் புது ஆட்டத்தைப் புகுத்துவது இப்போது உலகம் பூராவும் நடக்கிறது. சென்னை, கோவை நகரங்களில் "பிக்கிள்பால்" களங்கள் வந்துவிட்டன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறார்கள். இன்றைக்கு நகரத்துக்கு வந்தது, நாளைக்குத் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் வரும். மணப்பாடு மாதிரி கடலோர ஊர்களுக்கும் வரும். கிளப் பணமோ, ஊராட்சிப் பணமோ, ஊர்ப் பணமோ செலவாகும்.

செலவு செய்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுவது நல்லது. முதன்முதலில் ஒரு டென்னிஸ் கிளப் இந்த வேலையைச் செய்தபோது எதனால் ஜெயித்தது? அதே கூண்டைக் கொண்டுவந்து நம்ம கடற்கரையில் வைத்தால் நிற்குமா?

இதோ விவரம்:-

பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர்

வருஷம் 1928. நியூயார்க் நகருக்குப் பக்கத்தில் ஸ்கார்ஸ்டேல் என்று ஓர் ஊர். அங்கே ஜேம்ஸ் காக்ஸ்வெல், பெசெண்டன் பிளான்சர்டு என்று இரண்டு நண்பர்கள். இரண்டு பேரும் டென்னிஸ் பிரியர்கள்.

அவர்களுக்கு ஒரே கவலை. குளிர்காலம் வந்தால் பனி விழும். தரை ஈரமாகிவிடும். டென்னிஸ் களத்தைப் பூட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளே அடைந்து கிடக்க வேண்டும்.

"தரைதானே ஈரம்? தரைக்கு மேலே பலகை போட்டால் என்ன?" இதுதான் அவர்களுடைய யோசனை. காக்ஸ்வெல் வீட்டு நிலத்தில் மரமேடை கட்டினார்கள்.

முதலில் அவர்கள் நினைத்தது வேறு ஆட்டங்கள். கப்பல் தளத்தில் ஆடுவார்களே, அந்த வளைய ஆட்டம், பூப்பந்து, இப்படி. ஆனால் காற்று விடவில்லை! பூப்பந்து இறகு ஒரு பக்கம் போனது, ஆட்டக்காரர் ஒரு பக்கம் போனார்.

அதனால் சின்னப் பிள்ளைகள் ஆடிய "பேடில் டென்னிஸ்" என்ற ஆட்டத்திலிருந்து குட்டை மட்டையையும் ஸ்பாஞ்ச் ரப்பர் பந்தையும் எடுத்துக்கொண்டார்கள். காற்றுக்கு அது தாங்கியது.

கோழிக்கூட்டு வலை செய்த வேலை

அடுத்த தொல்லை வந்தது. மேடை சின்னது. அடித்த பந்து மேடையைத் தாண்டிப் பனிக்குள் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்த் தேட வேண்டும்.

கோழிக்கூடு கட்டுகிற கம்பி வலையை வாங்கிச் சுற்றிலும் கட்டினார்கள். பந்து ஓடுவது நின்றது.

அதோடு புதுச் சட்டமும் பிறந்தது. களத்துக்குள் ஒரு தடவை குத்திய பந்து வலையில் மோதித் திரும்பி வந்தால், மறுபடி தரையில் விழுவதற்குள் அதை அடிக்கலாம்! பந்து தாண்டிப் போய்விட்டது என்று தலையில் கை வைக்க வேண்டாம். திரும்பி நின்று வலையிலிருந்து வருகிற பந்தை வாங்கி அடிக்கலாம். கால் வேகம் குறைந்த பெரியவர்களும் பொறுமை இருந்தால் இளைஞர்களை மடக்கலாம். இந்த ஆட்டத்தின் ருசியே இதுதான்.

இன்னொரு சட்டம்: டென்னிசில் சர்வீஸ் போட இரண்டு வாய்ப்பு. இதிலே ஒன்றுதான். களம் சின்னதாயிற்றே! இரண்டு வாய்ப்புக் கொடுத்தால் முதல் பந்தை வெறி பிடித்தாற்போல் அடித்தே ஆட்டத்தை முடித்துவிடுவார்கள்.

கிளப் கதவு திறந்தது

1931-ல் அதே ஊரிலிருந்த பாக்ஸ் மெடோ டென்னிஸ் கிளப் இந்த ஆட்டத்துக்கு இடம் கொடுத்தது. கிளப்பில் மேடை எழும்பியது. 1934-ல் இதற்கென்று ஒரு சங்கம் அமைந்தது. 1935-ல் முதல் தேசியப் போட்டி நடந்தது.

மரப்பலகை இருந்த இடத்தில் பின்னாளில் அலுமினியம் வந்தது. மேடைக்கு அடியில் பனியை உருக்க ஹீட்டர் வைத்தார்கள். கால் வழுக்காமல் இருக்கத் தரைப் பெயிண்டில் பொடிமணல் கலந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவன் இடத்தை யாரும் பிடுங்கவில்லை. அவன் ஆட முடியாத மாதங்களுக்குத்தான் புது ஆட்டம் வந்தது. இரட்டையர் ஆட்டம் என்பதால் கணவனும் மனைவியும் ஜோடி சேர்ந்து ஆட முடிந்தது. பூட்டிக் கிடந்த இடத்துக்கு ஆள் வந்தது. இதுவே வெற்றியின் ரகசியம்!

சண்டை வந்த கதை

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1965-ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது பிக்கிள்பால். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, கட்டை மட்டை. சமீப வருஷங்களில் அது அங்கே காட்டுத் தீயாகப் பரவியது.

பொதுப் பூங்காக்களில் இருந்த டென்னிஸ் களங்களில் புதிதாகக் கோடு போட்டார்கள். பல ஊர்களில் தகராறு மூண்டது. "எங்கள் களம் போச்சே" என்று டென்னிஸ்காரர்கள் கொதித்தார்கள். "டொக் டொக் சத்தம் தாங்கவில்லை" என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். கோர்ட்டு வரைக்கும் போன ஊர்களும் உண்டு.

இருக்கிறவனைத் தள்ளிவிட்டுப் புதியவனை உட்காரவைத்தால் சண்டைதான் மிச்சம். இது அமெரிக்காவுக்கு மட்டும் உள்ள பாடமா, என்ன?

சென்ட் கணக்குப் போடுவோம்

சரி, நிலக் கணக்குக்கு வருவோம். இது கடைக்காரர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் பிடித்த கணக்கு.

ஒரு டென்னிஸ் களத்துக்குச் சுற்று இடத்தையும் சேர்த்தால் 120 அடி நீளம், 60 அடி அகலம் வேண்டும். அதாவது 7,200 சதுர அடி. நம்ம கணக்கில் 16½ சென்ட்.

பிளாட்பாரம் டென்னிஸ் மேடை 60 அடிக்கு 30 அடி. அதாவது 1,800 சதுர அடி. சுமார் 4 சென்ட்தான். கோட்டுக்குள் இருக்கும் ஆடுகளம் 44 அடிக்கு 20 அடி. பிக்கிள்பால் களத்துக்கும் இதே அளவு.

ஒரு டென்னிஸ் களம் போடுகிற இடத்தில் 4 மேடை போடலாம். டென்னிசில் ஒரே நேரத்தில் 4 பேர் ஆடுவார்கள். இதிலே 16 பேர்!

இந்தக் கணக்கைக் காட்டினால் எந்தக் கிளப் காரியதரிசிக்கும் ஆசை வரும். ஆனால் அவசரப்படக்கூடாது. மணப்பாட்டில் நின்று ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மணப்பாட்டில் என்ன ஆகும்?

திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கிலோ மீட்டரில் இருக்கிறது மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடு. மேட்டின் உச்சியில் 1581-ல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியிருந்த குகை. பக்கத்திலே கலங்கரை விளக்கம். அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் பலகையோடு தேடி வருகிற கடல்.

இங்கே காற்றுக்குத்தான் முதல் மரியாதை. ஆடி மாதம் இந்தப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். உள்ளே போனால் குதிரைமொழித் தேரி. செம்மண்ணை மலை மாதிரிக் குவித்து வைத்ததே காற்றுதான்!

அந்தக் காற்றில் பிக்கிள்பாலின் ஓட்டைப் பிளாஸ்டிக் பந்து என்ன பாடுபடும்? நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பிளாட்பாரம் டென்னிஸ் பந்து பரவாயில்லை, காற்றைத் தாங்கும். ஆனால் அதற்கு வேறு வியாதி. அது குளிருக்குச் செய்த ஸ்பாஞ்ச் ரப்பர். குளிரில்தான் அடக்கமாக இருக்கும். சூடு ஏறினால் துள்ளும். நம்ம சித்திரை வெயிலில் அது பந்தாகவா இருக்கும்? தவளையாகத் தாவும்!

அடுத்தது துரு. உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காமல் உதிருகிற ஊரில், 12 அடி உயரத்துக்கு நாலு பக்கமும் கம்பி வலை கட்டினால் அது எத்தனை நாள் இருக்கும்? துருப்பிடித்த கம்பி கையைக் கிழித்தால் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"கம்பிக்குப் பதில் பழைய மீன் வலையைக் கட்டலாமே" என்று சொல்லலாம். பந்து ஓடாமல் அது தடுக்கும். ஆனால் திருப்பித் தள்ளாது. விறைப்பான கம்பியில் மோதினால்தான் பந்து திரும்பி வரும். மீன் வலையில் பட்ட பந்து மீன் மாதிரியே செத்து விழும்! ஆட்டத்தின் உயிரே போய்விடும்.

மேடையும் நமக்குத் தேவையில்லை. பனிக்கும் ஈரத்துக்கும் பயந்து அவர்கள் மேடை போட்டார்கள். நம்ம மணலில் மழைத் தண்ணீர் நிற்பதற்குள் இறங்கிவிடும்.

ஆக, அமெரிக்கக் கூண்டை அப்படியே இறக்கினால் பணம் கடலிலே கொட்டினது மாதிரிதான்.

நம்ம வீட்டிலேயே இருக்கிறதே!

ஒரு வேடிக்கை பாருங்கள். காற்றுக்குப் பயந்து ஸ்கார்ஸ்டேல்காரர்கள் பூப்பந்தைக் கைவிட்டார்கள் அல்லவா? அதே தொல்லைக்கு நம்ம தஞ்சாவூரில் அவர்களுக்கு முன்பே வழி கண்டார்கள். கம்பளி நூலை உருட்டிப் பந்தாக்கினார்கள். அதுதான் பூப்பந்தாட்டம். 1856-ல் தஞ்சை அரச குடும்பத்தார் ஆடத் தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. இறகுப்பந்து 5 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். காற்றில் அவ்வளவு லேசில் பறக்காது. பக்கத்துக்கு 5 பேர், மொத்தம் 10 பேர் ஆடலாம்.

அவர்கள் மேடையில் முதலில் ஆட நினைத்த கப்பல் தள வளைய ஆட்டம் என்ன ஆயிற்று? அதன் உறவுக்கார ஆட்டம் நம்ம பள்ளிக்கூடங்களில் "டென்னிகாய்ட்" என்ற பெயரில் இருக்கிறது. சாதாரணமாக "ரிங் டென்னிஸ்" என்போம். பெண் பிள்ளைகள் கலக்குகிற ஆட்டம். இதன் முதல் உலகப் போட்டி 2006-ல் நடந்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில்!

களம் 40 அடிக்கு 18 அடி. 2 சென்ட் கூட வேண்டாம். மட்டை வேண்டாம், கம்பி வேண்டாம், மேடை வேண்டாம். இரண்டு சவுக்குக் கம்பு, ஒரு வலை, ஒரு ரப்பர் வளையம். வளையம் கனமானது. காற்று அதை அசைக்க யோசிக்கும். மணலிலேயே ஆடலாம்.

கப்பல்கள் வந்து போன இந்தக் கரைக்குக் கப்பல் தளத்து ஆட்டம் பொருத்தமாக இல்லையா?

கிளப்புகள் செய்ய வேண்டியது

அதற்காக வெளியூர் ஆட்டமே வேண்டாம் என்று கதவைச் சாத்த வேண்டியதில்லை. ஸ்கார்ஸ்டேல்காரர்களிடம் கற்க வேண்டியது அவர்கள் செய்த முறை.

முதல் காரியம்: கட்டிடம் கட்டாதீர்கள். இருக்கிற களத்தில் கயிறோ சுண்ணாம்போ போட்டு மூன்று மாதம் ஆடிப் பாருங்கள். அதில் ஒரு மாதம் ஆடி மாதமாக இருக்கட்டும்! எந்த ஆட்டம் காற்றில் நிற்கிறதோ அதற்குச் செலவு செய்யுங்கள்.

இரண்டாவது: டென்னிஸ்காரர்களின் நேரத்தில் கை வைக்காதீர்கள். களம் சும்மா கிடக்கிற நேரத்தைக் கணக்கெடுங்கள். அந்த நேரம்தான் புது ஆட்டத்துக்கு.

மூன்றாவது: மட்டையும் வளையமும் கிளப்பில் இருக்கட்டும். "சொந்த மட்டை கொண்டுவா" என்றால் கடலுக்குப் போகிறவர் மகன் வரமாட்டான். 2024-ல் தமிழக அரசு கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டுப் பொருட்கள் கொடுக்கத் தொடங்கியது. அந்த மாதிரி வருகிற பொருள் எதுவானாலும் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும். பீரோவுக்குள் இருந்தால் கரையான்தான் விளையாடும்.

நான்காவது: பெண்களுக்கென்று நாளும் நேரமும் ஒதுக்கி, போர்டில் எழுதிப் போடுங்கள். "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று வாயால் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வளையம் வீசிக் கப்பு வாங்கிய பெண், படிப்பு முடிந்ததும் வளையத்தைத் தொடுவதே இல்லை. ஆசை இல்லாமலா? போய் ஆட ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

சாவி யார் கையில்?

கடைசியாக ஒரு கேள்வி. களத்துச் சாவி யார் கையில் இருக்கும்?

கிளப்பாகட்டும், ஊராட்சி மைதானமாகட்டும், ஆட்டத்தைவிடப் பெரிய பிரச்சினை இந்தச் சாவிதான். மணி கணக்கில் வாடகை என்று ஆரம்பித்துவிட்டால் பணம் உள்ளவன் உள்ளே, மற்றவன் வேலிக்கு வெளியே என்றுதான் முடியும்.

1931-ல் ஒரு கிளப் செய்தது, பூட்டிக் கிடந்த இடத்தைத் திறந்ததுதான். நம்ம கடற்கரையிலும் அதுதான் நடக்க வேண்டும். பிளாட்பாரம் டென்னிசோ, பிக்கிள்பாலோ, ரிங் டென்னிசோ, பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.

சாயந்தரம் 5 மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். பொறுப்பில் உள்ளவர்கள் கவனிப்பார்களா?